ஒரு நூல் இடைவெளி

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அளவில் ஒரு பலகை தொங்குகிறது. அடர்நீலம், காவி, வெள்ளை, சாம்பல் என்று நான்கு நிறங்களில் ஏழு கோணத் துண்டுகள். அவற்றுக்கு நடுவே நெடுக்காகவும் சாய்வாகவும் ஓடும் மெல்லிய கறுப்புக் கோடுகள். வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அருகில் போய்ப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேரான கோட்டை எந்தத் தூரிகையால் போட்டீர்கள் என்று கேட்கிறார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் கட்டட வரைவாளனாகக் காலம் தள்ளியவன் என்பதால் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்தமானதுதான். ஆனால் அங்கே நான் கோடு எதுவும் போடவில்லை. ஒரு பிளைவுட் பலகையை ஏழாக அறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே வண்ணம் பூசி, கறுப்படித்த இன்னொரு பலகையின்மேல் துண்டுக்குத் துண்டு ஒரு நூல் இடைவெளி விட்டு ஒட்டியிருக்கிறேன். கோடாகத் தெரிவது அந்த இடைவெளி.

நூல் என்பது தச்சுப் பட்டறைக் கணக்கு. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் ஏறத்தாழ 3.2 மி.மீ. மின்சாரத்தில் ஓடும் வட்ட ரம்பத்தின் பல் மரத்தில் தின்றுகொண்டு போகும் அகலமும் பெரும்பாலும் அதே அளவுதான். ஆகவே ஒரு பலகையை ஒருமுறை அறுத்தால் ஒரு நூல் மரம் தூளாகிவிடும். நான்கு முறை நெடுக்காக அறுத்தால் அரை அங்குலம் காணாமல் போயிருக்கும். அலமாரி செய்கிறவர்கள் இதைச் சேதாரமாக முன்கூட்டியே கூட்டி வைத்துக்கொள்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். அறுத்த துண்டுகளை நெருக்கி ஒட்டினால் பலகை சுருங்கிப் போவது மட்டுமல்ல, சாய்வான அறுப்பின் குறுக்கே போகும் இன்னொரு வெட்டு இருந்தால் அது இரு பக்கமும் ஒரே நேராக வராமல் சிறிய படி விழுந்து நிற்கும். அந்தப் படியைச் சரிசெய்ய இரண்டு வாரம் போராடிய பிறகுதான், ரம்பம் எடுத்துக்கொண்ட ஒரு நூலை அப்படியே வெற்றிடமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றியது. கொடுத்ததும் படிகள் மறைந்தன, பலகை மறுபடி சரியாக இரண்டடி ஆயிற்று. சுவரில் கோடு தெரிகிற இடமெல்லாம் மொட்டைமாடிக் கொட்டகையின் தரையில் தூளாக விழுந்த மரம் இருந்த இடம்.

இதை நானே கண்டுபிடித்ததாகச் சில மாதங்கள் மகிழ்ச்சியோடு நம்பிக்கொண்டிருந்தேன். பிரேசில் நாட்டு ஓவியர் லிஜியா கிளார்க் 1954ஆம் ஆண்டிலேயே அந்தக் கோட்டைக் கண்டுவிட்டார், அதற்குப் பெயரும் சூட்டியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் 1920இல் பெலோ ஒரிசோன்டேயில் பிறந்து, ரியோ டி ஜெனீரோவில் வேலை செய்தவர். ஓர் ஒட்டுப்படத்தையும் அதைச் சுற்றிய அட்டைச் சட்டத்தையும் ஒரே நிறத்தில் வைத்தபோது, நிறம் மாறாவிட்டாலும் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு பிழைத்து நிற்பதை அவர் கவனித்தார். இரண்டும் வேறு வேறு நிறமாக இருந்தால் அந்தக் கோட்டைக் கண் தேடாது. நிறம் மாறுவதை மட்டுமே பார்த்துவிட்டுப் போய்விடும். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருப்பதும், தரையில் இரண்டு பொருள்கள் சேரும் இடத்தில் இருப்பதும் இதே கோடுதான் என்று அவர் கண்டுகொண்டார். ஆர்கானிக் கோடு என்பது அவர் வைத்த பெயர். கரிமக் கோடு என்று தமிழில் எழுதினால் வேதியியல் பாடமாகிவிடும் என்பதால் என் குறிப்பேட்டில் அதை உயிர்க்கோடு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கிளார்க் துணியையும் தூரிகையையும் ஏறக்குறைய விட்டுவிட்டார். மரப் பலகைகளை வெட்டி, தொழிற்சாலைகளில் பயன்படும் வண்ணத்தைத் தெளிப்பானால் அடித்து, அவற்றைப் பக்கம் பக்கமாகப் பொருத்தி, 1950களின் இரண்டாம் பாதியில் ஒரு நீண்ட வரிசையையே செய்தார். அவற்றில் கையின் தடம் எங்கும் இருக்காது. கறுப்பும் வெள்ளையும் மட்டுமே கொண்ட சிலவற்றில், ஒரு கறுப்புத் துண்டும் அடுத்த கறுப்புத் துண்டும் சேரும் இடத்தில் உள்ள பிளவுதான் முழுப் படத்தையும் தாங்குகிறது. 1960இலிருந்து அவர் அலுமினியத் தகடுகளைக் கீல் வைத்து இணைத்து, பார்க்கிறவர் தம் கையாலேயே மடக்கி விரிக்கும்படியான உருவங்களைச் செய்தார். மரத்தில் பிளவாக இருந்தது அங்கே கீலாகி நகரத் தொடங்கிவிட்டது என்றே அவற்றை நான் எடுத்துக்கொள்கிறேன். அவருடைய படைப்பு எதையும் நான் நேரில் பார்த்ததில்லை, அச்சில் பார்த்தவைதான். அச்சில் இந்தப் பிளவு வரைந்த கோடாகவே தெரியும் என்பது இந்தக் கலைக்கு நேர்ந்த ஒரு கொடுமை.

வரைவாளனுக்குக் கோடு என்றால் மை. 0.2 பேனாவில் அளவுக்கோடு, 0.5 பேனாவில் சுவர்க்கோடு என்று தடிமன் பார்த்துப் போட்டே பழகியவன் நான். ஒரு சுவரைக் காட்ட இரண்டு கோடுகள் இழுப்போம். கட்டடம் எழுந்த பிறகு போய்ப் பார்த்தால் அங்கே அந்தக் கோடுகள் இருக்காது, செங்கல் முடிந்து காற்று தொடங்கும் இடம்தான் இருக்கும். இத்தனை ஆண்டுகள் அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

துணியில் வரைகிறவர்கள் நேரான விளிம்பு வேண்டுமென்றால் மாஸ்கிங் டேப் ஒட்டுவார்கள். டேப்பின் அடியில் வண்ணம் கசியாமல் இருக்க, கீழே ஏற்கெனவே உள்ள நிறத்தையே டேப்பின் ஓரத்தில் ஒருமுறை பூசி, அது காய்ந்த பிறகு புதிய நிறத்தைப் பூசுவது நல்ல உபாயம். துண்டுகளைத் தனித்தனியே பூசுகிறவனுக்கு அந்த வேலை மிச்சம்; நிறத்தின் எல்லையை ரம்பமே முடிவு செய்துவிடுகிறது. ஆனால் அந்த மிச்சத்தைப் பக்கவாட்டு முகம் வட்டியோடு வாங்கிக்கொள்ளும். 12 மி.மீ. பிளைவுட்டின் அறுத்த பக்கத்தில் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். வண்ணத்துக்கு முன் பூசும் பிரைமரை எத்தனை முறை பூசினாலும் குடித்துக்கொண்டே இருக்கும். மரப் புட்டி போட்டு அடைத்து, 180ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசி, மறுபடி 220ஆம் எண்ணால் தேய்த்தால்தான் அது ஒரு முகமாக ஆகும். இதைவிட நுட்பமான சிக்கல் முனையில் இருக்கிறது. கத்திபோல் கூராக இருக்கும் முனையில் வண்ணம் நிற்காது. காயும்போது இரு பக்கமும் பின்வாங்கி, முனையில் பிரைமரின் வெள்ளை மயிரிழையாக எட்டிப் பார்க்கும். அதற்காக முனையை 220ஆம் எண் தாளால் இரண்டே இழுப்பு இழுத்துக் கூரை எடுத்துவிட வேண்டும். மூன்றாவது இழுப்பு இழுத்தால் முனை உருண்டு, இடைவெளியின் ஓரம் மங்கிவிடும். இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆறடி தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

பக்கவாட்டுக்கு என்ன நிறம் பூசுவது என்பது தனிக் கதை. முகத்தின் நிறத்தையே பூசினால் இடைவெளி சற்று அகலமாகத் தோன்றுகிறது. கறுப்புப் பூசினால் கோடு இறுகி மெலிகிறது. இந்த இடத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது, ஓவியர் ஒருவரை அல்ல, நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரத்துத் தச்சர் கெரிட் ரீட்வெல்டை. தச்சரின் மகனாகப் பிறந்து, தானும் தச்சரானவர். 1918 வாக்கில் அவர் செய்த நாற்காலி முதலில் வண்ணம் இல்லாமல்தான் இருந்தது. 1923 வாக்கில்தான் சாய்மானம் சிவப்பாகவும் இருக்கை நீலமாகவும் சட்டங்கள் கறுப்பாகவும் ஆயின. அந்தக் கறுப்புச் சட்டங்கள் ஒன்றையொன்று தாண்டி நீட்டிக்கொண்டு போகும். நீண்டு முடியும் ஒவ்வொரு அறுத்த முனைக்கும் மட்டும் அவர் மஞ்சள் பூசினார். தச்சர்கள் வழக்கமாக மறைத்துவிடும் அறுப்பு முகத்துக்கு எல்லாவற்றிலும் உரத்த நிறத்தைக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு ஒரு பலகையின் ஒரே ஒரு துண்டுக்குப் பக்கவாட்டில் ஆரஞ்சு பூசினேன். நேர் எதிரே நின்றால் தெரியாது. சமையலறைக்குப் போகிற வழியில், அந்தப் பக்கமாக நடக்கும்போது மட்டும் இடைவெளிக்குள் ஒரு தணல் தெரிந்து மறையும்.

முதல் ஆண்டில் பிளைவுட்டை நான் மதிக்கவில்லை. ஒட்டுப்பலகை என்ன பலகை என்ற திமிர். எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் அயனி மரம் நன்றாகக் கிடைக்கும். ஒரு மர அறுவை மில்லில் நன்கு காய்ந்தது என்று சொல்லிக் கொடுத்த ஒன்பது அங்குல அகலப் பலகைகளை வாங்கி வந்து, ஒரு நூல் பிசகாமல் அடுக்கி, ஐந்து துண்டுகளில் ஒரு பெரிய புடைப்பை, அதாவது பரப்பிலிருந்து எழுந்து நிற்கும் படத்தை, செய்தேன். மாசி பங்குனி வெயிலில் அது தன் வேலையைக் காட்டியது. இடைவெளிகள் மேல்முனையில் ஒன்றரை நூலாகவும் கீழ்முனையில் மூன்று நூலாகவும் விரிந்தன. நடுத்துண்டு ஓடுபோல் வளைந்து சுவரிலிருந்து எழுந்து நின்றது. இடைவெளிகளுக்கு நேராக மட்டும் அடிப்பலகையில் கறுப்பு பூசியிருந்தேன். அந்தக் கறுப்பைத் தாண்டி வெறும் மரம் வெளியே தெரிந்தது. பக்கத்துத் தெருவில் தச்சு வேலை செய்கிறவரை அழைத்துக் காட்டினேன். விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, “அண்ணாச்சி, இது பச்சை மரம்லா? ஒரு மழையும் ஒரு வெயிலும் பாக்காத பலகையில ஏன் கை வச்சிய?” என்று கேட்டார். மில்காரர் காய்ந்தது என்று சொன்னதைச் சொன்னேன். அவர் சிரித்ததை இங்கே எழுத முடியாது.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அமைதியான மரம் என்று பெயர் வாங்கிய தேக்கே பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது, ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 5 சதவீதம் சுருங்கும். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் அதில் பாதிதான். நெடுக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லிவிடலாம். இந்த வேறுபாடுதான் பலகையை வளைக்கிறது. காய்ந்த பிறகும் மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பி, வெயிலில் மறுபடி ஒடுங்கும். எங்கள் மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மேசைக்கு இது பொருட்டில்லை. ஒரு நூலையே நம்பியிருக்கும் படத்துக்கு இது சாவு. பிளைவுட்டில் ஒவ்வோர் அடுக்கின் நாரும் அடுத்ததன் நாருக்குக் குறுக்காகப் போவதால், ஒன்று அசைய நினைத்தால் மற்றொன்று பிடித்து நிறுத்திவிடுகிறது. ஒட்டுப்பலகையின் முன் அன்று தலை வணங்கியவன்தான். கனமான துண்டு வேண்டுமென்றால் மட்டும், இடிக்கிற ஓட்டு வீடுகளிலிருந்து வரும் சன்னல் சட்டங்களை வாங்குகிறேன். அவை பார்க்காத மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

கனத்தை வைத்து நான் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, நேராகவே இன்னொருவரைப் பார்த்துச் செய்தது. அர்ஜென்டினாவின் லா பிளாட்டாவில் 1915இல் பிறந்து பாரிசில் வாழ்ந்த கலைஞர் லூயிஸ் தோமசெல்லோ, வெள்ளைப் பலகையின்மேல் வெள்ளை மரக் கனசதுரங்களை வரிசை வரிசையாகச் சாய்த்துப் பொருத்தி, பலகையை நோக்கித் திரும்பிய, நம் கண்ணுக்கு மறைந்த முகங்களில் மட்டும் வண்ணம் பூசினார். வண்ணம் பூசிய இடம் தெரியாது. அதன் சாயல் பின்பலகையில் மூச்சுப் பட்டதுபோல் படிந்திருப்பதுதான் தெரியும். ஓர் அங்குலக் கட்டைகள் முப்பத்தாறு செய்து இதை முயன்று பார்த்தேன். முதல் முயற்சியில் அடிப்பலகைக்குப் பளபளப்பான எனாமல் அடித்திருந்தேன். சாயல் எதுவும் படியவில்லை. கண்ணாடியில் தெரிவதுபோல் கட்டையின் ஆரஞ்சு முகமே கீழே அப்பட்டமாகத் தெரிந்து, மறைத்து வைத்த இரகசியம் வெளியாகிவிட்டது. பலகையைத் தேய்த்துப் பளபளப்பில்லாத எமல்ஷன் அடித்த பிறகுதான் ஒளி சிதறி மெல்லிய சாயலாக விழுந்தது. வண்ண முகத்துக்கும் பலகைக்கும் நான்கு நூல் தூரம் இருந்தால் சாயல் அழுத்தமாக இருக்கிறது. ஓர் அங்குலமானால் வெளிறிவிடுகிறது. காலையில் கிழக்குச் சன்னல் திறந்திருக்கும்போது வலப்பக்கக் கட்டைகள் மட்டும் சிவந்து, பத்து மணிக்குமேல் எல்லாம் ஒன்றுபோல் ஆகும். கைப்பேசியில் படம் எடுத்தால் வெறும் வெள்ளைப் பலகைதான் வருகிறது. இதைச் செய்ததற்கு என்னிடம் வேறு சாட்சி இல்லை.

சுவிட்சர்லாந்துக் கலைஞர் சோஃபி டாய்பர்-ஆர்ப் 1936இல் செய்த ஒரு மரப் புடைப்பின் பெயர், செவ்வகப் புடைப்பு, வெட்டியெடுத்த செவ்வகங்கள், ஒட்டிவைத்த செவ்வகங்கள், மேலெழும் உருளைகள் என்று நீளும். கவிதையான பெயர் வைக்கத் தெரியாதவர் அல்ல. வேலைப் பட்டியலையே பெயராக வைத்துவிட்டார். சூரிச்சின் கைவினைப் பள்ளியில் பதின்மூன்று ஆண்டுகள் நெசவும் வடிவமைப்பும் கற்பித்தவர், கடைசல் பிடித்த மரத் தலைகளுக்கு வண்ணம் பூசியவர். ஒரு பொருளை என்ன செய்தேன் என்று சொல்வதே அது என்ன என்று சொல்வதற்குப் போதும் என்ற அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும். அவரைப் பின்பற்றி என் பலகைகளுக்கும் ‘ஆறு அறுப்பு, ஏழு துண்டு’ என்ற தினுசில்தான் பெயர் வைக்கிறேன்.

பூச்சைப் பற்றிச் சொல்ல அமெரிக்கச் சிற்பி ஆன் ட்ரூயிட்டை விட்டால் ஆளில்லை. 1961இல் வெள்ளைவேலி போன்ற ஒன்றில் தொடங்கி, ஆளுயர மரத் தூண்களைத் தச்சர்களைக் கொண்டு செய்வித்து, அவற்றுக்குத் தானே கையால் அக்ரிலிக் வண்ணம் பூசினார். பல பூச்சுகள், ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே தேய்ப்பு, ஒருமுறை நெடுக்கு வாட்டில் பூசினால் அடுத்தமுறை குறுக்கு வாட்டில். நான் ஆறு பூச்சோடு நிறுத்திக்கொள்கிற சோம்பேறி. ஆறாவது பூச்சுக்கு முன்னால் 400ஆம் எண் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும்போது பால்போல் ஒரு வண்ணக் கரைசல் ஓடும். அதைத் துடைத்துவிட்டு விரலை ஓட்டினால், மரம் என்பதே மறந்துபோகும்.

அக்ரிலிக்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தொட்டால் காய்ந்ததாகத் தெரியும். உள்ளே பல நாள் இளகியே இருக்கும், ஈரக் காற்றில் இன்னும் அதிகம். ஓர் ஐப்பசி மாதம், பூசிய துண்டுகளை நடுவில் செய்தித்தாள் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். வந்து பிரித்தபோது தாள் கிழிந்து கொண்டு வந்தது, மஞ்சள் துண்டின்மேல் ஒரு மணமகள் தேவை விளம்பரம் இடவலம் மாறிப் பதிந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிடலாமே என்றார் மருமகன். தேய்த்து எடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் என் தவறுதான். துண்டுகளின் பின்பக்கத்தையும் அழகாகப் பூசிவிட்டு அதன்மேல் ஃபெவிகால் வைத்து ஒட்டினேன். ஃபெவிகால் மரத்தின் நாருக்குள் இறங்கிப் பிடிப்பது. வண்ணத் தோலின்மேல் அது வெறுமனே உட்கார்ந்திருக்கும். இரவு இரண்டு மணிக்கு முன்னறையில் ஏதோ உடைந்த சத்தம். போய்ப் பார்த்தால் நீலத் துண்டு தரையில் கிடந்தது. பசை பிசகாமல் பிடித்திருந்தது, வண்ணம்தான் மரத்தை விட்டு உரிந்து பசையோடு பலகையிலேயே தங்கிவிட்டது. இப்போது ஒட்டவேண்டிய இடத்தை மட்டும் டேப் ஒட்டி மறைத்து, வெறும் மரமாக விட்டு வைக்கிறேன். டேப்பிலிருந்து தப்பித்துவிட்டேன் என்று மேலே எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு பலகையைச் சட்டம் போடும் கடையில் கொடுத்து, பின்னால் மாட்டுவதற்குக் கொக்கி மட்டும் வைக்கச் சொன்னேன். அவர்கள் தங்கநிறச் சட்டம் போட்டு, முன்னால் கண்ணாடியும் பொருத்தி, அதற்கும் பணம் கேட்டார்கள். கண்ணாடிக்குள் போனதும் நிழல்கள் எல்லாம் செத்துவிட்டன. புவனோஸ் ஐரிஸில் 1944இல் ஒரே ஓர் இதழோடு நின்றுபோன அர்துரோ என்ற பத்திரிகையில், உருகுவேயின் மொண்டேவிடியோவில் பிறந்த ஓவியர் ரோட் ரோத்ஃபுஸ் சட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை எழுதினார். நான்கு மூலைச் சட்டம் படத்தைச் சன்னலாக்கிவிடுகிறது, படத்தின் வடிவமே அதன் ஓரத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கடையில் நின்று இதையெல்லாம் விளக்கப் பார்த்தேன். கண்ணாடி இல்லையென்றால் பல்லி போகும் சார் என்றார்கள். அதுவும் உண்மைதான், இடைவெளிகளில் பல்லி எச்சம் கிடக்கிறது, மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்கிறேன்.

இப்போது மேசையில் ஒரு புதிய பலகை இருக்கிறது. மூன்றடிக்கு இரண்டடி, ஐந்து அறுப்பு, எட்டுத் துண்டு. எல்லாவற்றுக்கும் ஆறு பூச்சு முடிந்துவிட்டது. வெள்ளைத் துண்டை அறுக்கும்போது பென்சில் குறிக்கு இந்தப் பக்கம் வைக்க வேண்டிய ரம்பத்தை அந்தப் பக்கம் வைத்துவிட்டேன் என்பது, நேற்று அடுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மற்ற இடங்களில் ஒரு நூலும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவில் மட்டும் இரண்டு நூலுமாக நிற்கிறது. வேறு வெள்ளைத் துண்டு அறுக்கப் பலகை மீதி இருக்கிறது. மாலையில் காப்பி கொண்டுவந்த மனைவி சற்று நேரம் பார்த்துவிட்டு, பல் விழுந்த இடம் மாதிரி இருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். இன்னும் ஒட்டவில்லை.